பத்தாவது சாவி

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு பித்தளைச் சாவி கிடக்கிறது. அது திறந்த பூட்டை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள். பூட்டு தொங்கிய கதவும் இப்போது இல்லை. பஸ்ஸுக்காக நின்று மூக்குக் கண்ணாடியைத் தேடும்போது விரலில் அது தட்டுப்பட்டால் இன்றைக்கும் தேடினதை மறந்துவிடுவேன். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் அத்தனை கூட்டத்துக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவே நின்றுகொண்டு, ஒரு குழிக்குள்ளிருந்து வரவேண்டிய பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். "அதைத் தூக்கிப் போட்டுத் தொலையேன்" என்கிறாள் என் தங்கை. போட்டுவிடலாம்தான். போட்டபிறகு என்ன ஆகுமோ என்று அதற்கும் ஒரு பயம் இருக்கிறது.

பழவங்காடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு வணிக வளாகத்துக்கு நான் பதினெட்டு வருஷம் மேனேஜராக இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். லிஃப்ட் நின்றால் திட்டு வாங்குவது, தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்குவது, இரண்டும் சரியாக இருக்கும் நாளில் மற்றவர்களைத் திட்டுவது, இவ்வளவுதான் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குரலோ அதைவிட நீளம். தரைத் தளத்தில் நின்று கூப்பிட்டால் மேல் மாடி கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டித் தீர்த்தபோது, கீழே இருந்த சைவ ஹோட்டலின் சமையலறைத் தரையில் கழிவுநீர் மூடி வழியாகக் கறுப்புத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்தது. பக்கத்திலேயே அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஹோட்டல்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மாநகராட்சியிலிருந்து வந்து பார்த்தவர்கள், குழாயைச் சரிசெய்யாமல் கடையைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படித்தான் மேஸ்திரி எங்கள் கட்டடத்துக்கு வந்தார்.

மேஸ்திரிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து கழிவுநீர்க் குழாய் வேலையிலேயே தலை நரைத்தவர். மெலிந்த உடம்பு, கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை, எதையும் தொடுவதற்கு முன் இரண்டு தடவை முகர்ந்து பார்க்கும் பழக்கம். வேலை சுத்தம் என்று அவரைப் பரிந்துரைத்தவர்கள் எல்லோரும், "ஆனா ஆள் ஒரு பயந்தாங்கொள்ளியாக்கும்" என்று சேர்த்தே சொன்னார்கள். அவர் கட்டடத்தின் பின்சந்தில் நடந்து, கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மதில் இடுக்கில் முளைத்த அரசமரத்தின் வேர் பழைய சுட்டமண் குழாய்க்குள் புகுந்து அதைப் பிளந்துவிட்டது. ஒட்டுப்போட்டுப் பிரயோஜனமில்லை. பின்சந்திலிருந்து கேட் அருகே கழிவுநீர் வந்து விழும் சேம்பர் குழி வரை முழுவதையும் எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போடவேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் மூட்டியது அவருடைய நிபந்தனை. கட்டடத்தில் உள்ள கழிவறைகள் எல்லாவற்றையும் பூட்டி, சாவிகளை அவரிடம் கொடுத்துவிடவேண்டும். வேலை நடக்கும் நாட்களில் ரோட்டுக்கு எதிரே உள்ள கட்டடத்தின் கழிவறைக்குத்தான் எல்லோரும் போகவேண்டும். அதற்கும் அவரே போய்ப் பேசி அனுமதி வாங்கி வைத்திருந்தார். மேல் தொட்டியின் வால்வை அடைத்துவிட்டு, ஒன்பது சாவிகளையும் ஒரு சணல் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். தையல் கடைக்காரர்கள் சிரித்தார்கள். "மேஸ்திரி, பத்மநாப சாமி நிலவறைச் சாவியா?" என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கெடக்கட்டு மேடம். நான் கீழ நிக்கும்போ மேல ஒருத்தன் ஒரு கப்பு தண்ணி விட்டாலும் அது எனக்க மூஞ்சியிலயாக்கும் வரும். டூப்ளிகேட் உண்டா? உண்டும்னா அதையும் தந்திருங்க" என்றார்.

"இல்லை" என்றேன்.

இருந்தது. மேல் மாடிக் கழிவறைக்கு இன்னொரு சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரின் முன்மேசையில் இருக்கும் பெண்ணுக்கு அப்போது எட்டு மாதம். காலையில்தான் என்னிடம் வந்து, "மேடம், அடிக்கொருதரம் போகணும், இத்தனை படி இறங்கி ரோட்டைக் கடந்து என்னால முடியாது" என்று கண் கலங்கிச் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு கழிவறை, ஒரே ஒருத்தி, இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் சாவிக் கொத்தோடு நின்ற அந்த மனுஷனின் பயம் எனக்குக் கேலியாக இருந்தது. இந்தப் பயந்த ஆளுக்கு நான் எதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிற திமிரும் அந்த "இல்லை"யில் இருந்தது. அன்று மத்தியானமே சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் பின்சந்தில் பள்ளம் வெட்டிப் பழைய குழாயை எடுத்தார்கள். கட்டடத்தின் குழாயையும் புதுக் குழாயையும் இரண்டாம் நாளே இணைத்தாகிவிட்டது. சேம்பரில் போய்ச் சேரும் முனை மட்டும் பாக்கி. அந்த சேம்பர் ஒன்றரை ஆள் ஆழம். மூன்றாம் நாள் காலையில் உறிஞ்சு லாரி வந்து அதைக் காலி செய்தது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். பிறகு ஒரு பெரிய விசிறியை வைத்துக் காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே இருந்தார்கள். கழிவு கிடக்கும் குழிக்குள் மனிதனை இறக்கச் சட்டம் விடாது, சட்டம் விட்டாலும் மேஸ்திரி விடமாட்டார். காலியான குழியில்கூட வேலைக்காரர்களை இறக்காமல் தான்தான் இறங்குவார். ஏன் இவ்வளவு பயம் என்று நான் கேட்டேன். விசிறி ஓடி முடிவதற்காகக் காத்திருந்த அந்த நேரத்தில் அவர் சொன்னார்.

வருஷங்களுக்கு முன் ஒரு லாட்ஜின் கழிவுத் தொட்டியில் அவருடைய அக்கா வீட்டுக்காரர் இறங்கினாராம். சத்தம் இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இரண்டாவது ஆள் இறங்கினான். அவனைத் தூக்க மூன்றாவது ஆள் இறங்கினான். "நாலாவது ஆளு நானாக்கும் மேடம். ஏணியில ஒரு கால வச்சேன். பயந்துட்டேன். எறங்கல்ல. மூணு பேரும் போயாச்சு, நான் உண்டு. எனக்க அக்கா அதுக்குப் பெறவு எங்கிட்ட ஒரு வார்த்த மிண்டினதே கெடையாது" என்றார். சொல்லிவிட்டு விசிறியின் ஒயரைத் தொட்டுச் சரிபார்த்தார். அப்போதாவது அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. முதல்நாள் சொன்ன பொய்யை இத்தனை பேர் முன்னால் எப்படித் திருத்துவது என்ற வெட்கத்தில் விழுங்கிவிட்டேன்.

இறங்கும்போது அவருக்கு ஒரு முறை உண்டு. இடுப்பிலும் தோளிலும் பட்டை, அதில் கயிறு, கயிறு குழிக்கு மேலே நிற்கும் இரும்பு முக்காலியின் கப்பியில். கயிற்றை இரண்டு பேர் பிடித்திருப்பார்கள். மூன்றாவது ஆள் "உண்டா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், கீழே இருப்பவர் "உண்டு" என்று பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் எட்டிப் பார்க்கக் கூடாது, இன்னொரு தடவை கேட்கவும் கூடாது, இழுத்துவிட வேண்டும். அன்று கேட்கவேண்டிய ஆள் சிமென்ட் எடுக்கப் போயிருந்தான். மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நீங்க விளிங்க மேடம். ஒங்க சத்தம்னா செத்தவனும் எந்திச்சு பதில் சொல்லுவான்" என்றார். அவர் என்னைக் கேலி செய்தது அந்த ஒரு முறைதான். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"உண்டா?" என்றேன். "உண்டு" என்று குரல் வந்தது. உளி தட்டும் சத்தம் கேட்டது. "உண்டா?" "உண்டு." வெயில் நன்றாக ஏறியிருந்தது, ஜவுளிக் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து தடவை கேட்டிருப்பேன். அப்போது குழிக்குள் தண்ணீர் சளசளவென்று விழுகிற ஓசை கேட்டது. எனக்குப் புரிவதற்குள், மூக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு நெடி மேலே வந்தது. கீழே இருமல். "உண்டா?" என்று கத்தினேன். இருமல் மட்டும். மறுபடி "மேஸ்திரி, உண்டா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று அவர் சொன்னதைத்தான் செய்தேன். நல்லவேளை, கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் என்னைப் போல இல்லை. முதல் பதில் வராதபோதே இழுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் தலை தொங்கிய நிலையில் மேலே வந்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. தரையில் கிடத்தியபோது கழுத்தில் கிடந்த சாவிகள் சிமென்ட் தரையில் கலீரென்று விழுந்தன. அவர் ஒரு கையால் அவற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனபிறகு மூன்று மாடி ஏறினேன். மேலே கழிவறைக் கதவு திறந்திருந்தது. துப்புரவு வேலை செய்யும் சேச்சி வாளியோடு நின்றாள். தொட்டியில் தண்ணீர் இல்லாததால் அந்தக் கர்ப்பிணிப் பெண் கூச்சப்பட்டு இவளைக் கூப்பிட்டிருக்கிறாள். இவள் வெளியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, நாற்றம் போகட்டும் என்று ஆசிட்டை ஊற்றி, அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் கொட்டி, வாளித் தண்ணீரை அடித்துவிட்டிருக்கிறாள். இரண்டும் கலந்தால் விஷப் புகை கிளம்பும் என்பது அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "மேடம் தன்னே அல்லே தாக்கோல் கொடுத்தது?" என்றாள். ஆமாம், சாவியை நான்தான் கொடுத்தேன்.

விசிறி ஓடிக்கொண்டிருந்ததாலும் உடனே இழுத்ததாலும் உயிர் தப்பியது என்றார் டாக்டர். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் தினமும் போனேன். வார்டு வாசலில் நின்று, அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். ராத்திரி தூக்கத்தில் தண்ணீர் சளசளக்கும். அவருடைய ஆள் ஒருவன் சொன்னதுதான் என்னை அதிகம் வதைத்தது. மேஸ்திரி படுக்கையில் சாவிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறாராம். ஒரு கதவைப் பூட்ட மறந்துவிட்டேன், எனக்கு வயசாகிவிட்டது, இனி இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று சொல்கிறாராம். சேச்சி என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று நான் கேட்கவுமில்லை, சொல் என்று சொல்லவுமில்லை.

பாதியில் நின்ற வேலையை முடிக்க அவரே வந்தார். முகம் வற்றியிருந்தது, நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். குழி கழுவப்பட்டு, விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கயிறு கட்டிக்கொள்வதற்கு முன் என்னிடம் வந்து, கழுத்திலிருந்த சணல் கயிற்றைக் கழற்றி நீட்டினார். "எனக்க கணக்கு தப்பிப் போச்சு மேடம். இனி இது ஒங்க கழுத்துல கெடக்கட்டு. ஒங்களுக்குக் கணக்குப் பிழைக்காது" என்றார். ஒன்பது சாவிகள்தான். அத்தனை கனம் அதில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் ஆபீஸுக்குள் போய், அந்தப் பெண்ணிடமிருந்து திருப்பி வாங்கி வைத்திருந்த சாவியை எடுத்து, கயிற்றில் கோத்து, அவர் முன்னால் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். பத்து. வேலைக்காரர்கள் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். "பிள்ளைத்தாச்சி மேஸ்திரி, பாவமேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"பாவம்தான்" என்றார். குரல் உயரவே இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவ போய்ட்டு வாறது வரைக்கும் நான் மேல ஏறி நின்னிருப்பேனே மேடம்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், திட்டு எனக்குப் பழக்கம். அவர் பத்துச் சாவிகளையும் மறுபடி தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். கயிறு கட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், சிமென்ட் கலக்கிக்கொண்டிருந்தவனிடம், "நீ விளி" என்றார். அவன் கேட்டான், அவர் கீழேயிருந்து பதில் சொன்னார். நான் மதிலோரம் நின்று ஒவ்வொரு பதிலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் ஒன்பது சாவிகளைக் கடைக்காரர்களிடம் கொடுத்தார். பத்தாவதை என் உள்ளங்கையில் வைத்து, "இது ஒங்களுக்கு உள்ளது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கட்டடம் கைமாறி உள்ளே எல்லாம் இடித்துக் கட்டிவிட்டார்கள். அவர் போட்ட குழாயை மட்டும் யாரும் தொடவில்லை. ஒரு மழைக்கும் அது அடைத்ததில்லை. நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். போன வாரம் கடைவீதியில் ஒரு குழி மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை, குழாய்க்குள் கேமராவை விட்டு மேலே நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்தும் கடைக்குப் போகாமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, இத்தனை வருஷமாக நம்பரை வைத்துக்கொண்டும் கூப்பிடாத மேஸ்திரிக்கு போன் செய்தேன். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் என்னென்னவோ நினைத்துவிட்டேன். இரண்டாம் தடவை எடுத்தார். முதலில் இருமல் கேட்டது. அந்த இருமல் அவரை விடவே இல்லை போலிருக்கிறது.

"நான்தான் மேஸ்திரி, காம்ப்ளெக்ஸ் மேனேஜர்" என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல என்று யோசித்து வைத்திருக்கவில்லை. மறுமுனையில் டிவி ஓடியது, பிறகு அதை யாரோ அணைத்தார்கள்.

"மேடம்" என்றார். "அந்தச் சாவி கையில உண்டா?"

பதில் சொல்லுமுன் பைக்குள் கைவிட்டுத் தேடினேன். அவர் காத்திருந்துவிட்டு மறுபடி கேட்டார்.

"உண்டா?"

"உண்டு" என்றேன்.