நான்காவது கைதட்டல்

கை தட்டினால் பறக்கும், பறந்தால் வயிறு தெரியும் என்று எனக்குத் தோன்றிய அந்த நொடியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

புயல் ஓய்ந்த மறுநாள். உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஒரு மொட்டைப் பனைமேல், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பெரிய கடற்பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. காற்று இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. வயிற்றில் வெள்ளை இருந்தால், அது உலகிலேயே ஒரே ஒரு தீவில் மட்டும் முட்டையிடும் அரிய இனம்.

மூன்று முறை தட்டினேன். மேக வெளிச்சத்துக்கு எதிரே வெறும் கறுப்பு நிழலாகத்தான் சுற்றியது. ஒவ்வொரு முறையும் இன்னும் தாழப் பறந்து திரும்பியது.

என்னை பைக்கில் அழைத்துவந்த மளிகைக்கடை சலீம் கத்தினான்: "அதுகிட்ட ஆதார் கார்டா கேக்குற? பேஜார் பண்ணாதடா, களைச்சிப்போயி கீது!"

நான்காவது முறையும் தட்டினேன். பனைக்குத் திரும்ப முடியாமல் ஏரியில் விழுந்தது. அதன் இறகு தண்ணீர் தாங்காது, நனைந்தால் எழ முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தட்டினேன்.

இருவரும் குதித்தோம். கழுத்தளவுத் தண்ணீர். சலீம் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தித் தூக்கினான். நான் அடியில் கைகொடுத்துத் தாங்கினேன்; துணிக்குள் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது.

கரையேறியதும் கேட்டான்: "வயித்த பாக்கணும்னியே, பிரிக்கட்டா?"

"வேணாண்டா. மூடியே வை."

வனத்துறைக்குப் போன் செய்தோம்; வந்து எடுத்துப்போனார்கள். அங்கே இப்போது மீன் தின்கிறதாம். என்ன இனம் என்று சொல்லத் தொடங்கினார்கள், வேண்டாம் என்றேன். நாளைக் காலை கடற்கரையில் விடுகிறார்கள். அது தானாக எழுந்து பறந்தால், கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.