நெல்லைநாயகம் பிடித்த கெளுத்தி

நெல்லைநாயகம் அரசாங்க ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். இனி மனிதர் காலையும் மாலையும் கோமதி அம்மன் சந்நிதிக்குப் போவார், வருவார், பேசாமல் இருப்பார் என்று அவர் மனைவி ஆனந்தவல்லி நினைத்தாள். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அவருக்கு அவ்வப்போது ஒரு கிறுக்குப் பிடிக்கும். ஹோமியோபதிப் பெட்டி வாங்கி, எதிர்வீட்டம்மாவுக்கு இருந்த தலைவலியை வயிற்றுவலியாக மாற்றிக் கொடுத்தார். புல்லாங்குழல் வாங்கினார். தெருநாய் நாலு வீடு தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. கடைசியாகச் செல்போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் தூண்டில் போட்டு மீனைப் பிடித்து, அதற்கு ஒரு முத்தம் கொடுத்து, மறுபடி தண்ணீரில் விடுவதைப் பார்த்தார். அன்றைக்கே தொற்றிக்கொண்டது.

அது முட்டை வாடைகூட அறியாத சைவக் குடும்பம். மீன்காரி கூடையோடு தெருவில் வந்தால், அவள் கடந்துபோகிறவரைக்கும் ஜன்னலைச் சாத்திவைக்கிறவர் இதே நெல்லைநாயகம்தான்.

“திங்கத்தான் பாவம் வள்ளி. நான் பிடிச்சு உடனே விட்டுருவேன். இது ஸ்போர்ட்.”

“அதுக்கு வலிக்காதா?”

“மீனுக்கு வலி தெரியாதுன்னு சயின்ஸ்ல கண்டுபிடிச்சிருக்கான்.”

“மீன்கிட்ட போய்க் கேட்டானாமா?”

பதில் இல்லாதபோது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது அவர் வழக்கம். துடைத்தார்.

ஆனந்தவல்லி மீன் தின்கிறவர்களைக் குறைவாக நினைத்தவள் இல்லை. பசிக்குப் பிடிக்கிறவன் பிடிக்கிறான். அது அவனுக்குக் கடவுள் விட்ட வழி. பசியும் இல்லாமல், தின்னவும் தெரியாமல், ஒரு வாயில்லாச் சீவனின் வாயில் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, “விட்டுட்டேன், நான் நல்லவன்” என்று சொல்லிக்கொள்கிற மனுஷனை என்னவென்று சொல்ல? அவளுக்கு வாயில் வந்த வார்த்தை சந்நிதிக்குப் போகிறவள் சொல்லக்கூடியது இல்லை. விழுங்கிக்கொண்டாள்.

பார்சல் பார்சலாகச் சாமான் வந்தது. நீளக் கோல், சக்கரம், ஆறேழு பை தைத்த சட்டை, காதை மூடுகிற தொப்பி, பளபளவென்று பிளாஸ்டிக் மீன்கள். சனிக்கிழமைதோறும் வாடகைக் காரில் இரண்டரை மணி நேரம் போய், தாமிரபரணி கடலில் சேருகிற கழிமுகத்தில் நின்றார். அங்கே மம்மது என்கிறவர் சின்ன வள்ளம் வைத்திருந்தார். வலைக்காரர், அவருக்கும் அறுபது இருக்கும். நெல்லைநாயகத்தை ஏற்றிக்கொண்டு போய்க் கழிமுகத்தில் நிறுத்துவார். எப்போதாவது ஒன்று மாட்டினால் கொக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விடுவதும் மம்மதுதான். நெல்லைநாயகம் தொட மாட்டார். தொட்டால் குளிக்க வேண்டுமே! அவர் பங்குக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்.

இப்படியே ஆனி போய் ஆடி வந்தது. கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவில் ஐந்தாம் நாள் மண்டகப்படி அந்தக் குடும்பத்துடையது. அம்மனுக்குப் பட்டும் மாலையும் வைத்த வெள்ளித் தாம்பாளத்தைக் குடும்பத்தின் மூத்த ஆண்மகன் இரண்டு கையாலும் ஏந்தி, வீட்டிலிருந்து ரத வீதி வழியாக மண்டபம் வரைக்கும் நடந்துபோக வேண்டும். ஆனந்தவல்லியின் மாமனார் எழுபத்தெட்டு வயசிலும் ஏந்தினார். பட்டு எடுப்பது ஆனந்தவல்லி. சித்திரையிலேயே கலர் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். தனக்குச் சேலை எடுக்கப் பத்து நிமிஷம் போதும்; அம்மனுக்கு என்றால் மூன்று கடை ஏறி இறங்குவாள். அந்தப் பட்டு சுத்தமாகப் போய்ச் சேரவேண்டும். வருஷம் முழுக்க அவள் நெஞ்சில் இருக்கிற ஒரே கவலை அதுதான்.

“கொடியேறிட்டா தூண்டிலைத் தொடப்படாது. கோமதியம்மா மேல சத்தியம் பண்ணுங்க.”

“பண்ணுதேன். கொடியேறதுக்கு இன்னும் மூணு நாள் இருக்குல்லா? நாளைக்கு அமாவாசை. கழிமுகத்துல போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுத்துட்டு வருவோம். நீயும் வா.”

தகப்பனார் மேல் திடீரென்று வந்த பாசத்தை அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காரின் டிக்கியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எள்ளும் தர்ப்பையும் ஒரு பையில். கோலும் தொப்பியும் பக்கத்தில்.

கழிமுகத்தில் ஆடிக்காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. வெளிக்கடல் கொந்தளிக்க, ஒரு படகும் போகவில்லை. இந்த மாசம் முழுக்கக் கழிமுகத்துக்குள் கிடைக்கிறதுதான் அந்தச் சனங்களுக்கு அடுப்பெரிகிற வழி. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இவர் பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். கை காய்வதற்குள் ஆறேழு பைச் சட்டைக்குள் புகுந்துகொண்டார்.

“இன்னிக்கு ஓதம் பெருசு அண்ணாச்சி. கடத்தண்ணி நல்லா ஏறி வருது. கொடுவா மீனு உள்ள வரும்,” என்றார் மம்மது. “ஆனா இந்த பிளாஸ்டிக்க நம்பாதீங்க. இறால் கோத்துப் போடுங்க.”

“நீரே கோரும் வே. எனக்கு அதெல்லாம் தொட ஆகாது.”

“நீங்க போடுத தூண்டில்ல நான் கோத்து, நான் கழத்தி, நான் விட்டா, ஸ்போர்ட்டு யாருக்கு அண்ணாச்சி? எனக்குல்லா?”

கரையில் நனைந்த சேலையோடு நின்ற ஆனந்தவல்லிக்குச் சிரிப்பு வந்தது. பார்சலில் வந்த சாமானில் கிடைக்காத உண்மையை ஒரு வலைக்காரர் இறாலோடு சேர்த்துக் கோத்துவிட்டார்.

வள்ளம் கரையிலிருந்து இருபது முழம்கூடப் போகவில்லை. கோல் வளைந்தது. “வள்ளி! பாரு! பாருட்டி!” என்று அவர் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன. சக்கரத்தைச் சுற்றினார், பின்னால் சாய்ந்தார், விழப்போனார். மேலே வந்தது கொடுவா இல்லை. ஒரு முழத்தில் பாதி நீளம். வழுவழுவென்று, வாயைச் சுற்றி மீசையோடு ஒரு கெளுத்தி.

மம்மது அந்தப் பக்கம் திரும்பி, ஓதத்தில் இழுபடும் வள்ளத்தைக் கம்பு ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல அவர் வந்து கழற்றட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் பெண்டாட்டி பார்க்கிறாளே! வெள்ளைக்காரன் மாதிரி கையில் ஏந்திக் காட்ட வேண்டாமா?

மீசையைப் பார்த்ததும் அவருக்கு ஒரு புத்தி வேலை செய்தது. இந்த மீசைதான் கொட்டும், அதைத் தொடக் கூடாது என்று முடிவு கட்டினார். ரொம்ப சூதானமாக மீசையை ஒதுக்கிவிட்டு, பின்னால் செதில் இல்லாத கழுத்தைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். கெளுத்தியின் முள் மூன்றும் இருப்பது அங்கேதான். மீன் குழம்பு கொதிக்கிற வீட்டில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். முதலில் முள்ளை ஒடித்துவிட்டுத்தான் கையே வைப்பார்கள்.

“அண்ணாச்சி, தொடாதீங்க!” என்று மம்மது திரும்புவதற்குள் அலறல் கேட்டுவிட்டது. ஆனந்தவல்லி அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. கெளுத்தி வள்ளத்துக்குள் விழுந்து துள்ளியது. அதைத் தண்ணீரில் விட நெல்லைநாயகம் மறந்துபோனார். மம்மதுதான் முள்ளை ஒடித்துக் கூடையில் போட்டார். அன்றைக்கு அவர் வீட்டுக் குழம்புக்கு ஆயிற்று.

கரையில் ஒரு அம்மா கஞ்சி வைத்திருந்த அடுப்பிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து கையை முக்கச் சொன்னாள். “பொறுக்குத சூட்டுல வைங்க சாமி. விஷம் இறங்கும். பயப்படாதீங்க, எங்க வீட்டுப் பிள்ளைகூட இதுக்கு அழாது.” நெல்லைநாயகம் அழுதார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டுப் போட்டு, ஊர் வந்து சேருகையில் வலது கை உரலுக்குள் போய் வந்தது மாதிரி வீங்கியிருந்தது.

அதுவரைக்கும் ஆனந்தவல்லி பொறுத்துக்கொண்டாள். மறுநாள்தான் பொறுக்க முடியாதது நடந்தது.

விசாரிக்க வந்தவர்களிடம் நெல்லைநாயகம், “தேள் கொட்டிட்டு,” என்றார்.

ஊரில் அது எடுபடுகிற பொய். விஷக்கடிக்குக் கோமதி அம்மன் புற்றுமண்ணைப் பூசிக்கொள்கிற ஊர் அது. வந்தவர்கள் “அய்யோ” என்றார்கள், கையோடு புற்றுமண் கொண்டுவந்தார்கள். பொய் அவர் வாயில் கறுத்துக் கொழுத்தது. திங்கட்கிழமை வெறும் தேளாக இருந்தது, செவ்வாய்க்கிழமை கருந்தேள் ஆனது. புதன்கிழமை அது அம்மனுக்கு அரளி பறிக்கும்போது கொட்டிவிட்டது. வியாழக்கிழமை பேசும்போது குரல் தழுதழுத்தது.

“அம்மாவுக்குப் பூப்பறிக்கப் போன கை. அவதான் உசுரக் காப்பாத்துனா. மண்டகப்படி அன்னிக்கு மைக்ல சொல்லச் சொல்லியிருக்கேன்.” பிறகு மனைவியிடம், “வள்ளி, வெள்ளிக்கடையில போய் ஒரு தேள் வாங்கிட்டு வா. உண்டியல்ல போட்டுட்டு, தாம்பாளத்த எடுத்துக்கிடுவோம். கட்டு மேல மஞ்சத் துணி சுத்திட்டாப் போதும்.”

ஊரிடம் பொய் சொன்னது போகட்டும். ஆபீசில் சொல்லாத பொய்யா? அம்மனுடைய மண்டபத்தில் நின்று, அம்மன் முகத்துக்கு நேரே, மைக்கில்? அந்தக் கையால் ஏந்தினால் ஆனந்தவல்லி மூன்று கடை ஏறி எடுத்த பட்டு என்ன பட்டு? பூஜை அறையில் தாம்பாளத்தின் மேல் அது மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. கிளிப்பச்சை. அதன் முன்னால் உட்கார்ந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் எழுந்து வெள்ளிக்கடைக்குப் போனாள்.

சந்நிதித் தெருக் கடையில் நேர்த்திக்கடனுக்கு வெள்ளித் தகட்டில் கை, கால், கண், பாம்பு, தேள் எல்லாம் சரமாகத் தொங்கும். அவளைக் கண்டதும் ஆசாரி தேளை எடுத்துவைத்தார்.

“அது வேண்டாம். கெளுத்தி மீன் ஒண்ணு அடிச்சுக் குடுங்க.”

“கெளுத்தியா? அம்மா, இத்தனை வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்குத்தான். கொட்டுனது தேள் இல்ல.”

கடையில் நின்ற நாலு பேரும் கொலுசைப் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

“மீசை எத்தனை வைக்க?”

“மீசை இருந்தாப் போதும், அது ஒண்ணும் செய்யாது. முள்ளு மூணு. அதக் கூர்மையா வைங்க.”

அவள் வீடு வந்து சேருமுன்னே சேதி வந்துவிட்டது. நெல்லைநாயகம் வாசலிலேயே நின்றார்.

“ஏட்டி, ஊரு சிரிக்குமேட்டி!”

“சிரிக்கட்டும். அம்மாகிட்ட என்னால பொய் சொல்ல ஏலாது. மைக்செட்காரன்கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு. தாம்பாளத்த கைலாஷ் எடுப்பான். அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.”

கைலாஷ் அவர் தம்பி மகன். முப்பது வயசு, புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. அதிர்ந்து பேசத் தெரியாது.

“மூத்தவன் நான் இருக்கும்போதா?”

“உங்க ஒரு கையில புண்ணு. இன்னொரு கையில பொய்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கையால் துடைக்க வரவில்லை.

ஐந்தாம் நாள் கிளிப்பச்சைப் பட்டு கைலாஷின் இரண்டு கையிலும் அசையாமல் ரத வீதியில் போனது. ஆனந்தவல்லி பின்னாலேயே நடந்து, வெள்ளிக் கெளுத்தியை உண்டியலில் போட்டுவிட்டு, இந்த மனுஷனை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு அலுத்துவிட்டது என்று கும்பிட்டாள். கூட்டத்தில் கட்டுக்கையோடு ஒதுங்கி நின்ற நெல்லைநாயகத்தின் பக்கத்தில் ஒரு பூக்காரி மெதுவாகக் கேட்டாள்:

“அண்ணாச்சி, உங்க வீட்டுத் தேளுக்கு மீசை உண்டாமே?”