ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல வாரத்துக்கான ஐந்து சட்டைகளையும் அயர்ன் பண்ணினேன். கண்டி மார்க்கெட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்பினேன். பகல் சாப்பாடு முடிந்த கையோடு மேல்மாடி யோகராஜா வந்தார் — பயணம் சொல்ல.

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். என்னைவிட இரண்டே வயது இளையவர். இங்கே ஒரு ஹோட்டலில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்து வந்தார். வெள்ளிக்கிழமை அந்த வேலையை விட்டுவிட்டாராம். புதன்கிழமை ஃப்ளைட்.

“தாய்லாந்து அண்ணே. கம்ப்யூட்டர் வேலை. இங்க எடுக்கிறதவிட நாலு மடங்கு சம்பளம்.”

“எந்த ஊர்?”

“மே சொட். பாங்கொக்ல எறங்கினா வேன் வருமாம்.”

கேள்விப்படாத ஊர். எனக்கு அது போதாதா? தேசப்படப் புத்தகத்தை மேசையில் விரித்தேன். பாங்கொக்கிலிருந்து வடமேற்கே விரல் போகிறது... போகிறது... தாய்லாந்தின் ஓரத்திலேயே போய் நின்றது.

“ஓரத்துல இருக்கே. பீச்சா அண்ணே?” யோகராஜா முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“அப்படித்தான் போல கிடக்கு,” என்றேன் நானும்.

எட்டிப் பார்த்த என் மனைவி சிரித்துவிட்டார். “ஓரம் எண்டா கடலோ? உலகம் முழுக்க இலங்கை எண்ட நினைப்பு ரெண்டு பேருக்கும்! அங்கால பர்மா கிடக்கு, வடிவாப் பாருங்கோ.”

உண்மைதான். நாம் தீவுக்காரர். நாடு முடிகிற இடத்தில் நமக்கு அலை அடிக்க வேண்டும். அடுத்த நாட்டுக்குப் போவதென்றால் கட்டுநாயக்க விமான நிலையம், பாஸ்போர்ட், கியூ. அங்கேயோ எல்லை என்பது மோய் என்ற ஓர் ஆறு. இன்டர்நெட்டில் தேடினோம். மழையில்லாத மாதங்களில் சில இடங்களில் நடந்தே கடக்கலாமாம். அந்த ஆறு வடக்கு நோக்கி ஓடி, சல்வின் என்ற பெரிய ஆற்றோடு சேர்ந்து, பர்மா வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. வேடிக்கையாக இல்லையா?

அக்கரைக் கதை வேடிக்கையாக இல்லை. பர்மாவுக்குச் சுதந்திரம் கிடைத்த சில காலத்திலேயே அந்த மலைகளில் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு, எந்த ஊர் எந்த ஆயுதக் குழுவின் கையில் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. வரைபடத்தில் ஒரே நிறம். தரையில் பல எசமான்கள். அந்த இடைவெளியில்தான் உயர்ந்த மதில்களுக்குள் சில கட்டிடங்கள் — வேலைக்கென்று கூட்டி வந்தவர்களை அடைத்துவைத்து, கம்ப்யூட்டர் மூலம் ஊரை ஏமாற்றவைக்கிற இடங்கள். நம் நாட்டவர்களும் அங்கே சிக்கி மீண்டிருக்கிறார்கள்.

யோகராஜா படத்தில் அந்த எல்லைக் கோட்டை விரலால் தொட்டார்.

“எனக்குத் தாய்லாந்து விசா தானே அண்ணே? பர்மாவுக்குள்ள எப்பிடிக் கொண்டு போவாங்க?”

“ஆறு விசா கேக்குமோ?” என்றார் மனைவி.

யோகராஜா தானாகவே, வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில்.

“ஒன்னே ஒன்னு கேக்கணும். வேலை செய்யிற ஒபிஸ் ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

மறுமுனையில் சத்தமில்லை... பிறகு, “ஆத்தப் பத்தி ஒங்களுக்கு யாரு சொன்னது?”

சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் என்று எதைக் கேட்டாலும் உடனே பதில் சொன்ன மனிதராம் அவர்! யோகராஜா ஃபோனை வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். இருந்த வேலையும் இல்லை, போகிற ஊரும் இல்லை.

“அம்மா தோட்டம் பூரா சொல்லிட்டாங்க அண்ணே. எந்த மொகத்தோட போவேன்?”

திடீரென்று அவரே நிமிர்ந்தார்.

“அண்ணே, அதே ஃப்ளைட்ல பன்வில ஊர் ஆளுங்க ரெண்டு பேரு வர்றாங்க. அவங்களுக்கும் சொல்லணும். நம்பர் இல்ல, வீடு தெரியும். ஆனா நான் பயந்துட்டேன்னு சிரிப்பாங்க...”

“சிரிக்கட்டுமே. விடிய நானும் வாறன்,” என்றேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, தேநீர்கூடக் குடிக்காமல் பன்வில பஸ்ஸில் ஏறினோம் — ஒபிசுக்கு நான் லீவு சொன்னதே அதற்குப் பிறகுதான்.