சாய்ந்து நின்ற சிலுவை

அசுந்தாவின் ஒரே மகன் எலியோ இருபத்திரண்டு வயதில் மடத்துக்குள் போனான். இத்தாலியில், எங்கள் பியமொந்தே மலையில் இருந்த அந்த மடத்துத் துறவிகள் தேவையில்லாமல் வாய் திறக்க மாட்டார்கள், பெண்களை உள்ளே விட மாட்டார்கள். பெற்றவள் வந்து பார்க்க வருஷத்தில் இரண்டே நாள், அதுவும் வாசலறையில். அதற்கென்றே புதுச் செருப்பு வாங்குவாள், பைத்தியக்காரி.

எலியோ நிமோனியாவில் செத்தபோதும் சட்டம் இளகவில்லை. அவர்கள் வழக்கப்படி, பெட்டிகூட இல்லாமல், முகத்தின்மேல் முக்காட்டை இழுத்துவிட்டுப் புதைத்தார்கள். பெயரெழுதாத மரச்சிலுவை நட்டார்கள். எந்தச் சிலுவை என்று கேட்டவளிடம் மடாதிபதி, "கடவுளுக்குத் தெரியும்மா" என்றாராம். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

காலப்போக்கில் துறவிகள் குறைந்து, மிஞ்சிய கிழவர்களும் வேறு மடத்துக்குப் போய்விட்டார்கள். கட்டடத்தைப் புதுப்பித்துச் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். எதிரே காபிக்கடை வைத்திருக்கும் எனக்கு யோகம்தான். ஐரோப்பா முழுக்க மடம் மடமாகப் பார்த்துத் திரிகிறவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். போர்ச்சுகலில் பார்த்தது இதைவிடப் பெரியது என்பார்கள். இங்கே என்ன அமைதி என்று சத்தமாகப் பேசிக்கொள்வார்கள்.

மடத்தைத் திறந்த அன்றே கறுப்புக் கோட்டும் கை நிறையச் சாமந்தியுமாக அசுந்தா வந்து நின்றாள். கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன்.

"எப்படிக்கா கண்டுபிடிப்ப?"

"சமையல்கார சாமியார் ஊரை விட்டுப் போறப்ப சொல்லிட்டுத்தான் போனாரு. சுவரோரமா ஒண்ணே ஒண்ணு சாஞ்சு நிக்குமாம். அதுதான் எம்புள்ளை."

உள்ளே கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவையும் சாய்ந்து நிற்கவில்லை. எல்லாம் புதுசு. ராணுவம் மாதிரி வரிசை.

"பழசெல்லாம் உளுத்துப் போச்சும்மா," என்றாள் சுற்றிக்காட்டும் பெண் ஜினேவ்ரா. தூரின் நகரத்திலிருந்து வேலைக்கு வந்தவள். "கோணல்மாணலா வேற இருந்துச்சு. அதான் வரிசையா நட்டாங்க."

"எது எங்க இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சாங்களா?"

"பேரே இல்லையேம்மா. எதைக் குறிக்கிறது?"

அசுந்தாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண்ணும் பயந்துவிட்டாள். "உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணுல வைங்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எவளோ பெத்த புள்ளைக்கு நான் அழவா? அப்போ எம்புள்ளைக்கு யாரு அழுவா?"

பஸ்ஸில் வந்த ஒருவன் கேமராவைத் தூக்கினான். "எழவுல என்னய்யா போட்டோ?" என்று கத்தினேன். இறக்கிவிட்டான்.

அசுந்தா பூக்கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு சிலுவைக்கும் ஒரு சாமந்தியாக வைத்துக்கொண்டே போனாள். முழங்கால் வலியில் முனகினாள், என்னைத் தொட விடவில்லை. கடைசி வரிசைக்கு வந்தபோது கை காலி.

பூவில்லாத அந்த ஏழெட்டுச் சிலுவைகளைப் பார்த்தபடி நின்றாள்.

"இதுல ஒண்ணுலதான்டி இருப்பான்," என்றாள். "அவன் ராசி அப்படி."