ஐஸ் பெட்டிக்குத் தண்ணீர் சுமந்தவள்

இராக்கம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால், “பூசை நாளில் தொடக்கூடாததைத் தொட்டாள், சாமி கண்ணைக் குத்திவிட்டது” என்று எங்கள் தோட்டத்து லயத்தில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமிக்கு வேறு வேலை இல்லையா? லயத்து வரிசையில் அவளுக்கு அடுத்த காம்பிரா அறையில் குடியிருந்தவள் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

இலங்கை மடுல்சீமை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள் அவள். புருஷன் இராமையா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அவளும் மகள் கருப்பம்மாவும்தான். தோட்டத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். காம்பிராவில் ஓர் ஆளாவது வேலைக்குப் பேர் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால்தான் லயத்துப் பிள்ளைகள் பல் விழுந்து முளைப்பதற்குள் கூடை தூக்கப் போய்விடும். “எம்புள்ளைய மட்டும் அனுப்ப மாட்டேன், அது படிக்கட்டும்” என்பாள் இராக்கம்மா. அதில் அவளுக்கு அப்படி ஒரு வைராக்கியம்.

அட்டை கடித்த புண் ஆறாமல் கால் வீங்கி, மலையேற முடியாமல் போனபோது, தோட்டத்துத் துரை பங்களாவில் தண்ணீர் சுமக்கும் வேலை கிடைத்தது. எல்லாம் துரை வாங்கிய ஐஸ் பெட்டியால்தான்.

பதுளைக்குக் கோச்சி ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷமாகியிருந்தது. கோச்சியில் வந்த பெட்டியை, ரோடு முடிந்த இடத்திலிருந்து மூங்கிலில் கட்டி, பெரிய வீட்டுப் பிணம் போகிற மாதிரி ஆட்கள் தூக்கி வந்தார்கள். அதைப் பொருத்திக் கொடுக்கப் பதுளையிலிருந்து மிசின்காரர் றவூப் நானா வந்தார். சமையல்கட்டை ஒட்டிய சாமான் அறையில் தரை மட்டமாக இருக்கிறதா என்று கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்து, சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்தினார். கீழே மண்ணெண்ணெய் அடுப்பு, மேலே தண்ணீர்த் தொட்டி. தினமும் கொஞ்ச நேரம் அடுப்பு எரிந்தால், குழாய்க்குள் இருக்கும் மருந்து ஆவியாகி, தொட்டித் தண்ணீரில் ஆறி, மறுநாள் வரை பெட்டியைச் சில்லென்று வைத்திருக்குமாம். நெருப்பை வைத்து ஐஸ் செய்கிற கூத்தை அன்றுதான் கண்டோம்.

“குழாய்க்குள்ள இரிக்கிறது பொல்லாத மருந்து,” என்று துரையிடமும் சமையல்கார அழகையாவிடமும் அவர் சொன்னார். “ஜன்னல எப்பவும் தொறந்து வைங்க. தொட்டியில தண்ணி இல்லாம அடுப்பப் பத்த வைக்க வாணாம். மறந்து பத்த வச்சா, தண்ணி ஊத்தப் போக வாணாம். அடுப்ப அணைச்சிட்டு வெளிய போய்டுங்க.”

இராக்கம்மா அப்போது மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடத்தோடு வந்தவளிடம் போகிற போக்கில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “புள்ள, தொட்டியில தண்ணி மட்டும் வத்தப்படாது.” அவள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு மண்வெட்டி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் ஓய்வு. கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் காலைவரை தொட மாட்டோம். அழகையா நல்ல மனுஷர், வினையே அதுதான். ஐஸ் பெட்டியும் ஆயுதம்தானே என்று அதற்கும் பூசை போட்டார். தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு, புளி போட்டுப் பளபளவென்று விளக்கிப் பொட்டு வைத்தார். முன்னால் ஏற்றிய விளக்கு மலைக்காற்றில் அணைந்து அணைந்து போனது. விளக்கு அணைவது நல்லதா? ஜன்னலைச் சாத்தினார்.

பொழுது சாய்கிற நேரம் துரைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஐஸ் இல்லை.

“இன்னைக்கு மட்டும் விடுங்க தொரை, விடிஞ்சதும் பத்த வைக்கிறேன்,” என்று அழகையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரைக்கு முகம் சிவந்தது. தானே போய் அடுப்பைப் பற்றவைத்தார். தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, மகராசன். திரும்பி விருந்தாளிகளிடம் போய்விட்டார்.

இராக்கம்மா தண்ணீரோடு வந்தபோது அடுப்பு வெகுநேரமாக எரிந்துகொண்டிருந்தது.

“ஐயையோ, தொட்டி காஞ்சு கெடக்கேண்ணே!”

“தொடாத தாயி, பூசை வச்சது. பத்த வச்சவரு பாத்துக்கட்டும்.” காய்ந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று றவூப் நானா சொன்னது அந்த நேரம் அழகையாவுக்கு ஞாபகம் வரவில்லை.

“மிசினு கெட்டா அவரையா கேப்பாங்க? தண்ணிக்காரி எங்கன்னு தானே கேப்பாங்க. என் பேர வெட்டிட்டா நாளைக்கே எம்புள்ள கூடை தூக்கணும்ணே.”

உள்ளே போய்க் குடத்தைக் கவிழ்த்தாள். கொதித்துக் கிடந்த தொட்டியில் பீலித் தண்ணீர் விழுந்ததும் உள்ளே இருந்த குழாய் பிளந்து, மருந்து அவள் முகத்தில் அடித்தது. ஜன்னல் சாத்திய அறை. அழகையா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு போய் அவளை இழுத்து வந்தார். சத்தம் கேட்டு ஓடிப்போன நாங்கள் பீலியடியில் படுக்கவைத்துக் கண்ணைக் கழுவினோம், கழுவினோம், விடவேயில்லை. அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். உயிர் திரும்பி வந்தது, பார்வை வரவில்லை.

கேட்காமல் தண்ணீர் ஊற்றியது அவள் குற்றம் என்றார் துரை. பூசை வைத்ததைத் தொட்டது குற்றம் என்றது லயம். அடுப்பைப் பற்றவைத்த கையைப் பற்றி ஒரு பயல் வாய் திறக்கவில்லை. பாவிகள்!

அவள் பேரை வெட்டினார்கள். கங்காணி காம்பிராவுக்கு வந்து, பெரிய தருமம் செய்கிறவர் போல, “மலைக்கு ஒம்புள்ள ரொம்பச் சின்னது. பங்களாவுக்குத் தண்ணி எடுக்கட்டும். காம்பிராவுல இருந்துக்க,” என்றார். பெட்டியைப் பழுதுபார்த்து அதே அறையில்தான் வைத்திருந்தார்கள். இராக்கம்மா “சரிங்க” என்றாள். வேறென்ன சொல்வாள்?

முதல் நாள் காலையில் தன் சும்மாட்டுத் துணியைச் சுற்றி, மகளின் தலையைத் தடவிப் பார்த்து வைத்தாள். நான் வாசலில் நின்றேன்.

“ஜன்னல் தொறந்திருக்கான்னு மொதல்ல பாரு. அடுப்பு எரிஞ்சா உள்ள போகாத. வாடை வந்துச்சுன்னா குடத்தப் போட்டுட்டு ஓடியாந்துரு.”

“கொடம் ஒடஞ்சுருமேம்மா. பேர வெட்டிட்டாங்கன்னா?”

“வெட்டட்டும்டி. நீ ஓடியாந்துரு.”