கிளிக்கூட்டத்தின் அடிக்குரல்

தொலைபேசியில் அவர் "ஹலோ" என்றால் மறுமுனையில் இருப்பவர் "வணக்கம் சார்" என்பார். பள்ளி நாளிலிருந்தே இப்படித்தான். தான் பெண் என்று கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தார், அப்புறம் அலுத்துவிட்டது. கூடப் பாடிய தோழிகள் இரண்டு பேரும் அவருக்கு 'சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே அழைக்கலாம்.

சார் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். பக்கத்து இருக்கையில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் பயந்தாங்கொள்ளிகள். "கண்ணாடியைப் பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் குரல் ஒரு காலத்தில் வீடு வீடாக ஒலித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒலித்த காலத்திலேயே அது யாருக்கும் தனியாகக் கேட்டதில்லை.

அவர்கள் குழுவின் பெயர் கிளிக்கூட்டம். மூன்றே பெண்கள். சுருட்டை முடிக்காரி உச்சத்தில் பாடுவார், அவர்தான் நட்சத்திரம். குட்டி என்பவர் நடுவில் இழைந்துகொண்டே ஆடுவார். சார் அடியில் நின்று 'ம்ம்ம்' என்று இழுப்பார். கூட்டத்தில் இரண்டு கிளி, ஒரு காகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மூன்று ஆல்பங்கள் சக்கைப்போடு போட்டன. நான்காவதன் அட்டைப் படத்தில் எல்லாம் குலைந்தது. படம் எடுக்கும்போது வைத்த பெரிய மின்விசிறியில் சுருட்டையின் முடி பறந்து சாரின் பாதி முகத்தை மூடிவிட்டது. இன்னொரு தரம் எடுக்கலாமே என்று சார் கேட்டார். சுருட்டை உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "குரலே பாதிதான் கேக்குது. முகம் மட்டும் எதுக்குடி முழுசா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சார் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். குட்டி நடுவில் நின்று சமாதானம் பேசிப் பேசி ஓய்ந்தார். அந்த ஆல்பம் வரவேயில்லை.

சார் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகள் பிறந்தாள். வீட்டில் பாட்டுப் பேச்சே கிடையாது. மகளுக்கு விஷயம் தெரிந்ததே கைப்பேசி வழியாகத்தான். யாரோ ஒரு பெண் கிளிக்கூட்டத்தின் பழைய பாட்டு ஒன்றுக்கு ஆடி வீடியோ போட, அதைப் பார்த்து எல்லாரும் ஆட, மகளும் கூடத்தில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்த அம்மா, இடுப்பை அந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று சொல்லி வெட்டியும் காட்டினார். மகள் கைப்பேசியில் இருந்த பழைய படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று குழம்பு அடிபிடித்தது.

அந்த ஆட்டத்தால் இசைக் கம்பெனிக்கு மூக்கு வியர்த்தது. மூவரும் சேர்ந்தால் புது ஆல்பம் போடலாம் என்று குட்டியைப் பிடித்தார்கள். குட்டி இப்போது பிசியோதெரபிஸ்ட். எத்தனையோ கழுத்துகளை நேராக்கியவர், இந்த இரண்டு கழுத்துகளை மட்டும் தன்னால் ஒரே பக்கம் திருப்ப முடியாது என்று கையை விரித்துவிட்டார். சாருக்கு அவர் போட்ட போனுக்கு, வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் கிடைத்திருந்தது.

சுருட்டை வேறு வழியில் வந்தார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். ஒரு காலை சார் காரின் கதவைத் திறந்தபோது, ஸ்டியரிங்குக்கு முன்னால், இப்போது நடத்தும் டைல்ஸ் கடையின் முதலாளியம்மா கோலத்தில், முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் மேடம்," என்றார் சுருட்டை.

"சீட் பெல்ட் போடுங்க," என்றார் சார்.

வாரக்கணக்கில் இப்படியே ஓடியது. வாங்க, போங்க, மேடம். பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுருட்டை கிளட்சை விடும்போதெல்லாம் வண்டிக்கு விக்கல் எடுத்தது. பயம் வந்தால் அவர் முனகுவார். முனகல் மெல்ல மெல்ல அவர்களுடைய பழைய பாட்டாக மாறும். ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது அப்படி முனகியவர், பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் தொண்டை கீறி நின்றார். அதே இடத்தில் வண்டியும் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. சார் தன் பிரேக்கை அழுத்திக்கொண்டு, தன்னை அறியாமல் அந்த வரியைக் கீழே இறக்கிப் பாடி முடித்தார்.

சுருட்டை திரும்பிப் பார்த்தார். "ஆல்பம் போடலாமா மேடம்?"

"மொதல்ல பாலத்தை விட்டு இறங்குங்க."

அது சம்மதம்தான் என்று சுருட்டைக்குப் புரிந்தது.

ஸ்டூடியோவில் இசையமைப்பாளர் அந்தக் காலத்து உயரத்திலேயே மெட்டுப் போட்டு வைத்திருந்தார். சுருட்டையின் குரல் மாடிப்படி ஏறியதுபோல் மூச்சு வாங்கியது. இசையமைப்பாளர் சுருதியைக் கொஞ்சம் இறக்கினார். போதவில்லை. மறுபடி இறக்கினார். இதற்கும் கீழே போனால் தோண்டத்தான் வேண்டும் என்றார் குட்டி. கடைசியில் வந்து நின்ற இடத்தில் சுருட்டையின் குரல் தண்ணீர் கலந்த பால்போல் இருந்தது. சார் மட்டும் சொந்த வீட்டு நாற்காலியில் சாய்ந்தாற்போல் பாடினார். இவரே முன்னால் பாடட்டும், மற்ற இருவரும் அடியில் 'ம்ம்' போடட்டும் என்றார் இசையமைப்பாளர்.

சுருட்டை வெளியே போய் டிரைவிங் ஸ்கூல் காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். தனியாக ஓட்டத் தெரிந்திருந்தால் போயே இருப்பார். சார் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் ஏறினார். உள்ளுக்குள் அவருக்கு இனித்தது உண்மைதான். வருஷக்கணக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்திருந்தது. எங்கும் போகாத வண்டியில் சுருட்டை சீட் பெல்ட் போட்டிருப்பதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

"அன்னிக்கு நான் முடியை ஒதுக்கியிருக்கணும்," என்றார் சுருட்டை. "நீ போனப்புறம் அந்தப் பாட்டையெல்லாம் தனியாப் பாடிப் பாத்தேன். கீழ ஒண்ணுமே இல்ல. வீடே இல்லாம மொட்டை மாடி மட்டும் நிக்கிற மாதிரி இருந்துச்சு."

'நீ' திரும்பி வந்துவிட்டதை சார் கவனித்தார்.

"'ம்ம்' போடுறது லேசுன்னு நெனைக்காதே," என்றார் சார். "வா, சொல்லித் தரேன்."

லேசாக இல்லைதான். சுருட்டை ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு முன்னால் வந்துவிடுவார். சார் கையைத் தாழ்த்தித் தாழ்த்தி, கிளட்ச் சொல்லித்தருகிற தோரணையில் அடக்குவார். குட்டிக்குச் சிரிப்பு தாங்காமல் எத்தனையோ பதிவு வீணானது.

ஆல்பம் வந்தது. விற்பனை ஓஹோ என்றும் இல்லை, மோசமும் இல்லை. முன்பு அவர்களைக் கேட்டவர்கள் வாங்கினார்கள், அவர்களுடைய பிள்ளைகள் கிண்டல் செய்துகொண்டே கேட்டார்கள். சாரின் கணவர் ஒரு கட்டடத்து லிஃப்டில், சார் முன்னால் நின்று பாடிய பாட்டை ஒலிக்கவைத்தார். ஜனங்கள் மாடி வந்தும் இறங்காமல் கேட்கிறார்கள் என்று அவர் பெருமைப்பட்டார். லிஃப்ட் கதவு சரியாகத் திறக்கவில்லை என்பது மகளின் கட்சி.

சார் வேலையை விடவில்லை. போன வாரம் ஒரு பல் டாக்டர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. டாக்டர் ரேடியோவைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், பின்னால் பார்க்க மறந்துவிட்டார்.

"மேடம், இது நீங்களா?"

"நான்தான். பின்னாடி குப்பைத்தொட்டி," என்று சார் சொல்லி முடிப்பதற்குள் வண்டி இடித்துவிட்டது. சாரின் கால் அன்று பிரேக்குக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனது. டாக்டர் பதறி இறங்கப் போனார். சார் அவர் கையைத் தொட்டு, பாட்டு முடியட்டும் என்று உட்காரவைத்தார்.