திரும்பி உட்கார்ந்த எருது

அம்மா வீட்டைவிட்டுப் போன ஒன்பதாம் நாள் காலையில் அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. கச்சிராயபாளையத்தை அடுத்து, கரும்புக்காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு. ஏற்காட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அம்மா போனாள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் ஏதோ ஒரு காகிதத்தை வைத்து அவளுக்கும் அப்பாவுக்கும் சண்டை. என்ன காகிதம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

படத்தோடு அம்மாவின் குரலும் வந்திருந்தது. “பாப்பா, ஏற்காடு பாத்தியா? ஜில்லுனு இருக்குது. ஒழுங்கா சாப்ட்டுக்கினு இரு.”

அப்பா படத்தை ஒரே ஒருமுறை பார்த்தார். கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்த ஒன்பது நாளும் சமையல், பால் கறப்பது, எனக்குத் தலை பின்னுவது எல்லாம் அவர்தான். அவர் போட்ட ஜடை இரண்டாம் மணி அடிப்பதற்குள் அவிழ்ந்துவிடும். டீச்சர் ஒன்றும் கேட்காமல் மறுபடி பின்னிவிடுவார். அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவரும்.

அன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. அம்மா எங்காவது ஓரத்தில் தெரிகிறாளா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் இல்லை. செம்மண், மரவள்ளிச் செடிகள், காய் நிறைந்த ஒரு மரம், அதற்கப்பால் ஒரு குன்று. குன்றின் தலைக்கு மேல் அப்போதுதான் எழுந்த சூரியன்.

முதல் சந்தேகம் மரத்தில் வந்தது. முந்தைய வருடம் பள்ளியில் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே பார்த்த இடமெல்லாம் காப்பிச் செடியும், மிளகுக்கொடி சுற்றிய நெட்டை மரங்களும். படத்தில் இருந்ததோ கடுக்காய் மரம். மலைக்காரப் பெண்கள் மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுவரும் அதே கடுக்காய். இரண்டாவது, அந்தக் குன்று. எங்கேயோ பார்த்த முகம், ஆனால் யாரென்று தெரியாத மாதிரி இருந்தது.

எங்கள் வாசலில் நின்று மேற்கே பார்த்தால், கல்வராயன் மலைக்கு முன்னால் ஒரு குன்று படுத்த மாடு போலத் தெரியும். எருதுக் குன்று என்போம். எருதின் தலை வலப்பக்கம், திமில் இடப்பக்கம். படத்தில் அதே தலை, அதே திமில், ஆனால் பக்கம் மாறியிருந்தது. உள்ளே ஓடி அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து அதற்கு முன்னால் கைப்பேசியைப் பிடித்தேன். கண்ணாடிக்குள் எங்கள் எருது உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு அந்தக் குன்றுக்குப் பின்னால் சூரியன் மறைகிறது. அம்மாவுக்கோ அதே குன்றிலிருந்து சூரியன் எழுகிறது. அவள் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

“அப்பா, அம்மா ஏற்காட்ல இல்ல. நம்ம மலைமேலதான் இருக்குது!”

“இன்னா சொல்ற?” என்றார். எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வைத்தார். “கடுக்கா மரம் ஏற்காட்லகூட இருக்கும் பாப்பா” என்று வக்கீல் மாதிரி மறித்தார். நான் கண்ணாடியைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீ இவ்ளோ கண்டுபுடிச்ச அப்பறம் போவாம இருந்தா நல்லா இருக்குமா? காலைல கெளம்பலாம்.”

மறுநாள் முகம் மழித்துக்கொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். மலையேறும் ஒவ்வொரு வளைவிலும் எருது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதைக் கத்திச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மரவள்ளிக் காட்டோரம், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி முன்னால் வண்டி நின்றது. சமையற்கட்டின் பின்பக்கமிருந்து, தலையில் துண்டு கட்டிய அம்மா குண்டானோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா வண்டியைவிட்டு இறங்கவில்லை. “நானா வரல. புள்ளதான் போட்டோவ வச்சிக் கண்டுபுடிச்சிது” என்றார்.

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு குண்டானை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பிடித்துத் திருப்பினாள். “இன்னா ஜடை இது, மாட்டுக் கயிறு மாதிரி?”

“நான்தான் போட்டேன்” என்றார் அப்பா.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தாள். “சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள்.

அந்தக் காகிதம் விடுதியில் அவளுக்குக் கிடைத்த சமையல் வேலைக்கான உத்தரவு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். போனால் திரும்பி வராதே என்று அப்பா சொல்லியிருந்தார். அன்று அவர் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, குழம்பில் உப்பு கம்மி என்று சொல்லி, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது அம்மாவின் பக்கம் பார்க்காமலே சொன்னார்: “வேலைய வுடாத. சனிக்கெழமைல வந்து நானே வூட்டுக்கு இட்டுக்கினு போறேன்.”

ஒரு படத்தை வைத்து அம்மாவைக் கண்டுபிடித்தவள் என்று பள்ளியில் பல மாதம் எனக்குப் பெருமை. கேட்டவர்களுக்கெல்லாம் மரத்தையும் குன்றையும் கண்ணாடியையும் சொன்னேன். அந்தப் படத்தில் விடுதி இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. மலைமேல் ஏறிய பிறகு பாதை மூன்று இடத்தில் பிரிந்தது. ஓரிடத்திலும் அப்பா வண்டியை நிறுத்தி யாரிடமும் வழி கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று அது விசித்திரமாகவே படவில்லை.